வாய்க்கு மட்டும் லீவு

எங்க வீட்டுல ரேடியோ வாங்கினதே இல்லை. தேவைப்படலை. என் ஓரகத்தி இருந்தா.

என் புருஷனோட அண்ணன் பொண்டாட்டி. என்னைவிட ரெண்டு வயசு பெரியவ, அதனால அக்கா. ரேடியோன்னு பேர் வெச்சது நான்தான்னு எல்லாரும் சொல்வாங்க. சத்தியமா நான் இல்லை, எங்க மாமனார். காலையில பல் விளக்கும்போதே ஆரம்பிச்சிடுவா. வாயில பிரஷ் இருக்கும், நுரை வழியும், அந்த நுரைக்குள்ள இருந்தே மாடிப்படி ஏன் வழுக்குதுன்னு ஒரு விளக்கம் வரும். கேக்கறவங்க இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நான் பாதி நாள் காதைக் கழட்டி வெச்சிட்டுதான் அவளோட சமையல் பண்ணுவேன்.

வேலையும் பேச்சுதான். குழாயில தண்ணி வரலைன்னா ஊரே ஒரு நம்பருக்குக் கூப்பிடுமே, அந்த நம்பர்ல எடுக்கறவ. ஒரு தடவை சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டாளேன்னு கொண்டு போனேன், அப்போ பார்த்தேன் அந்த இடத்தை. ஜன்னல் இல்லாத ஒரு ஹால். தடுப்பு தடுப்பா மேசை, ஒவ்வொரு தடுப்புக்குள்ளயும் ஒரு தலை, தலையில ஹெட்செட். கையை நீட்டி சோம்பல் முறிச்சா பக்கத்து ஆள் மூக்குல இடிக்கும். எதிர் சுவத்துல பெருசா ஒரு போர்டு. அதுல மூணு வார்த்தை எழுதி மேல சிவப்புக் கோடு போட்டிருந்தாங்க. முடியாது, தெரியாது, இல்லை.

"இதையெல்லாம் சொல்லக்கூடாதாம்"னு சிரிச்சா. "சொன்னா மார்க் போயிடும். கண்டிப்பா பார்க்கறோம், முயற்சி பண்றோம், அப்படித்தான் சொல்லணும்."

"தண்ணியே இல்லைன்னா?"

"அப்பவும் கண்டிப்பா பார்க்கறோம்தான்."

அங்கே வேலைக்குச் சேர்ந்தப்ப அவ பொண்ணு கைக்குழந்தை. இப்போ அந்தப் பொண்ணு என் செருப்பை எடுத்துப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போகுது. இத்தனை வருஷமா அந்த மூணு வார்த்தையைத் தொடாம பேசிப் பேசி, அந்த வியாதியை வீட்டுக்கும் கூட்டிட்டு வந்துட்டா. எங்க வீட்டுல யாருக்கு போன் பண்ணனும்னாலும் அவதான். கேஸ் கம்பெனி, ஸ்கூல், பேங்க், வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட சண்டை, டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட். அவ புருஷன் ராத்திரி பூரா பேக்கரி அடுப்படியில நிக்கறவர், பகல்ல தூங்குவார். போனைக் கண்டாலே அவருக்கு அலர்ஜி. என் புருஷன் பேச ஆரம்பிச்சா ரெண்டாவது வாக்கியத்துல கோபம் வந்துடும். நான் மட்டும் என்ன, நானும்தான். நான் வேலை பார்க்கற ஜெராக்ஸ் கடையில ஒரு நாள் லீவு கேக்கணும்னாகூட, "அக்கா, எனக்குக் காய்ச்சல்னு நீயே சொல்லிடேன்"னு போனை நீட்டிடுவேன். "குடு"ன்னு வாங்கிப்பா. வேண்டாம்னு ஒரு நாள் சொன்னதில்லை.

எல்லாத்தையும் விடப் பெரிய போன் ஞாயித்துக்கிழமை போன். எங்க நாத்தனாருக்கு. அவ புருஷனை விட்டுட்டு வந்தப்ப மாமா வாசல்லயே நின்னு, "இங்க இடமில்லை, போன வழியே போ"ன்னு சொல்லிட்டார். அவளும் போயிட்டா. ஆனா போன வழியே போகலை, தனியா ஒரு வேலை, தனியா ஒரு ரூம். அதுக்கப்புறம் அப்பாவோட ஒரு பேச்சு இல்லை. மாமாவுக்கு உள்ளுக்குள்ள அரிக்கும், வாய் வராது. ஞாயித்துக்கிழமை காபி குடிச்சிட்டு, யார்கிட்டயோ சொல்ற மாதிரி, "உயிரோட இருக்காளாமா?"ம்பார். அக்கா உடனே போனை எடுத்துட்டுப் போய் தேன் ஒழுகப் பேசுவா. "அப்பா உன்னையே நெனச்சிட்டிருக்கார்மா. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு." கலங்கிச்சாம்! அந்த மனுஷன் பேப்பரைப் புரட்டிட்டு உக்காந்திருப்பார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் தொண்டை கட்டுச்சு. முதல்ல கரகரன்னு இருந்துச்சு. வெந்நீர் குடிச்சா, மாத்திரை போட்டா, வேலைக்குப் போனா. அப்புறம் காத்து மட்டும்தான் வந்துச்சு. டாக்டர் மூக்கு வழியா ஒரு குழாயை விட்டு, உள்ளே இருக்கறதை டிவியில காட்டினார். நானும் பார்த்தேன், துணைக்குப் போனது நான்தானே. செருப்பு கடிச்சுக் கடிச்சுக் கால்ல காய்ப்பு வருமே, அதே மாதிரி குரல் நரம்புல ரெண்டு பக்கமும் வந்திருக்காம்.

"ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். அடுத்து நான் பார்க்கறப்ப கரைஞ்சிருந்தா சரி. இல்லைன்னா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் இந்தக் குரல் திரும்ப வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்"னார்.

அக்கா முகத்துல ஈயாடலை. குரல் போச்சுன்னா வேலை போச்சு, அது எனக்குப் புரிஞ்சுது. ஆனா அவ பயந்தது வேலைக்காக மட்டும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பேசாட்டி இந்த வீட்டுல தனக்கு என்ன இடம்னு அவளுக்கே தெரியலை.

பக்கத்து ரூம்ல பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஒரு பொண்ணு இருந்துச்சு. தினம் ஒரு வேளை படுத்து, கண்ணை மூடி, உடம்புல எங்கே இறுக்கமா இருக்குன்னு தேடணும், தேடினா போதும், எதையும் சரி பண்ண வேண்டாம்னு சொல்லுச்சு. வெளிய வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, தலைக்குப் பக்கத்துல விரலைச் சுத்திக் காட்டினா. லூசாம் அந்தப் பொண்ணு.

அக்கா ஆபீசுக்கு லீவு போட்டா. வீடு ரெண்டு நாள் அமைதியா இருந்துச்சு. மூணாவது நாள் எல்லாருக்கும் கையும் ஓடலை காலும் ஓடலை. கேஸ் தீர்ந்துச்சு, பழக்க தோஷத்துல என் புருஷன் போனை அவகிட்ட நீட்டினார். நீட்டிட்டு, "ஐயோ"ன்னு என்கிட்ட திருப்பினார். அன்னைக்கு என்கிட்ட வந்த போன்தான், அதோட என்னை விட்டுப் போகலை. ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டா நான். தண்ணி மோட்டார் ரிப்பேர்னா நான். ஞாயித்துக்கிழமை மாமா வழக்கம்போல, "உயிரோட இருக்காளாமா?"ன்னு சுவத்தைக் கேட்டார். சரின்னு நானே நாத்தனாருக்குப் போட்டு, அக்கா தொண்டை கதையைச் சொன்னேன். "மாமா உன்னைக் கேட்டார்"னும் சொன்னேன். எனக்கு அக்கா மாதிரி கண்ணீரெல்லாம் சேர்த்துச் சொல்ல வரலை. "கேக்கணும்னா அவரே கேக்கட்டும்"னு டக்குனு வெச்சிட்டா. மாமா ஏதும் கேக்காம பேப்பரை எடுத்துக்கிட்டார். ஆனா அன்னைக்குப் பூரா ஒரே பக்கம்தான்.

அக்கா பேசலையே தவிர, ஒரு நிமிஷம் உக்காரலை. யார் என்ன கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவா. சட்டை அயர்ன் பண்ணனுமா, கட்டைவிரல். சாயங்காலம் விருந்தாளி வராங்க, கட்டைவிரல். எல்லாரும் அவகிட்ட வந்து கொட்ட ஆரம்பிச்சாங்க வேற. திருப்பிப் பேச மாட்டா பாரு, வசதியா இருந்துச்சு. அவ புருஷன் மொதலாளியைப் பத்தி, என் புருஷன் என்னைப் பத்தி, மாமா எல்லாரைப் பத்தியும். அவ தாடையைக் கடிச்சிட்டு நின்னு கேட்டுப்பா. பயிற்சின்னு கதவைச் சாத்திட்டுப் படுத்தா, கொஞ்ச நேரத்துலயே மூச்சு முட்டின மாதிரி எழுந்து வந்து கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவா. மூடி போட்ட டப்பாக்குள்ள மாட்டின மாதிரி இருந்தா.

அடுத்த தடவை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துட்டு நிமிர்ந்தார். "நீங்க பேசறீங்க."

அவ இல்லைன்னு தலையாட்டினா.

"அம்மா, நரம்பு பொய் சொல்லாது. முன்னைவிட வீங்கியிருக்கு. இன்னும் ஒரு தடவை டைம் தரேன். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தா ஆளுக்கு ஒரு தீர்ப்பு. "பாத்ரூம்ல பேசியிருப்பா"ன்னார் என் புருஷன். "நீங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல குசுகுசுன்னு பேசிட்டுதானே இருந்தீங்க"ன்னு மாமா என்னையும் சேர்த்துக்கிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "ஆமா, பாட்டுக் கச்சேரியே வெச்சோம்"னு கத்திட்டேன். அக்கா புருஷன்தான் ஒண்ணும் சொல்லலை. அதுதான் அவளுக்கு ரொம்ப வலிச்சுது. பொண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துட்டு வேலைக்குக் கிளம்பிட்டார். அவ கட்டைவிரலைக்கூடத் தூக்காம நின்னுட்டிருந்தா. தான் செய்யாத தப்பை, செய்யலைன்னு சொல்ல வாய் இல்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் எங்க கடையில மெஷின் மக்கர் பண்ணுச்சு. சீக்கிரம் வந்துட்டேன். அக்காவைத் தவிர வீட்டுல அத்தனை பேரும் வெளிய, பகல்ல தூங்கற அவ புருஷன்கூட. ஹால்ல துணி மடிச்சிட்டிருந்தேன். உள் ரூம்ல இருந்து ஒரு குரல். கரகரன்னு, உடைஞ்சு, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி.

"காத்திருந்ததுக்கு நன்றிங்க... கண்டிப்பா பார்க்கறோம்ங்க..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடிப்பாவி, கமுக்கமா போன் பேசறாளான்னு கதவைத் தள்ளினேன். தூங்கிட்டிருந்தா. நல்லா தூக்கம். ஆனா பல்லைக் கடிச்சிருக்கா, இடது தோள் காது வரைக்கும் ஏறியிருக்கு, கால் விரல் பத்தும் மடங்கியிருக்கு. உதடு ஓடிட்டே இருக்கு. "இன்னைக்குள்ள சரியாயிடும்ங்க... ஆமாம்மா, அப்பா உன்னையே நெனச்சிட்டிருக்கார்... கண்டிப்பா பண்றேன் மாமா... லைன்ல இருங்க..."

ஆபீஸ் போனும் வீட்டு போனும் ஒண்ணா கலந்து ஓடுது. ராத்திரியெல்லாம் இதுதான் நடந்திருக்கு! புருஷன் பேக்கரியில, பொண்ணு படுத்தா இடி விழுந்தாலும் எழாது. யார் கேப்பாங்க?

உலுக்கி எழுப்பினேன். "அக்கா, நீ தூக்கத்துல பேசற. வாய்தான் லீவு போட்டிருக்கு. உன் உடம்பு டூட்டியிலயே இருக்கு."

அவ என்னை வெறிச்சுப் பார்த்தா. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. சத்தமே இல்லாம அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. பகல் பூரா காவல் காத்த வாயை ராத்திரி யார் காப்பாத்தறது? எனக்கும் அழுகை வந்துடுச்சு.

பேச்சுப் பயிற்சிப் பொண்ணுகிட்ட ஓடினோம். அது சிரிக்கலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "தூங்கப் போறப்ப உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கா, தள்ளியிருக்கா?" அக்காவுக்குத் தெரியலை. என்னைப் பார்த்தா. எனக்கு என் பல்லே தெரியலை. "அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க"ன்னு அனுப்பிடுச்சு.

அன்னைல இருந்து அக்கா நிஜமாவே படுத்தா. பெட்டியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கிற சின்ன ரூம்ல, வெறும் பாயில. துணைக்கு நானும் படுத்தேன். எனக்கு உடனே குறட்டை, அது வேற கதை. அவ தேடித் தேடிக் கண்டுபிடிச்சதையெல்லாம் எழுந்ததும் போன்ல டைப் பண்ணிக் காட்டுவா. நாக்கு அண்ணத்துல பசை போட்ட மாதிரி ஒட்டிட்டு இருக்காம். வயித்தை எக்கிப் பிடிச்சிட்டே இருக்காளாம், எப்போ இருந்துன்னு தெரியலையாம். 'தோளை இறக்கினேன். அது திரும்ப மேல ஏறினது எனக்கே தெரியலை'ன்னு ஒரு நாள் போட்டிருந்தா. அவ்வளவு பேசறவ, தன் உடம்போட ஒரு வார்த்தை பேசினதில்லை போல.

ஒரு சாயங்காலம் என் கையை இழுத்து அவ தொண்டை மேல வெச்சிக்கிட்டா. இருன்னு கண்ணைக் காட்டினா. மெத்துனு, சூடா, அமைதியா இருந்துச்சு. அப்போ ஹால்ல இருந்து மாமா கூப்பிட்டார்.

"பெரியவளே!"

என் விரலுக்கு அடியில ஏதோ ஒண்ணு துள்ளுச்சு. தண்ணியில இருந்து எடுத்த மீன் மாதிரி, படக்குனு மேல போய் அங்கேயே நின்னுச்சு. அவர் இன்னும் எதுவும் கேக்கவே இல்லை. அக்கா வாயும் திறக்கலை. ஆனா தொண்டை சரின்னு சொல்லிடுச்சு.

அவ போன்ல டைப் பண்ணினா. 'இதான். ஒவ்வொரு தடவையும்.'

அதுக்கப்புறம் யார் கூப்பிட்டாலும் உடனே போறதை நிறுத்திட்டா. இருந்த இடத்துலயே நிப்பா. மூச்சு அடிவயிறு வரைக்கும் போயிட்டு வரும், தோள் இறங்கும், கால் விரல் விரியும், அப்புறம்தான் நகர்வா. "காது கேக்கலையா?"ன்னு வீட்டுல கத்தல். "வாய் போச்சுன்னு பார்த்தா இப்போ காதும் போச்சா?"ன்னு என் புருஷன் கிண்டல். கட்டைவிரல் தூக்கறதும் குறைஞ்சுபோச்சு. ஒரு நாள் கரண்ட் போய் ஃபேன், மோட்டார், டிவி எல்லாம் நின்னுச்சு. அவ சமையல்கட்டு ஸ்டூல்ல சும்மா உக்காந்திருந்தா. முகத்துல எந்த இழுப்பும் இல்லை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொறாமைதான், வேறென்ன. அவ விட்ட வேலையெல்லாம் என் தலையில விடிஞ்சிருக்கு. ஒரு கையில கரண்டி, தோள்ல போனை இடுக்கிட்டு, "கண்டிப்பா அனுப்பறேன் மிஸ்"னு ஸ்கூலுக்குச் சொல்லிட்டிருக்கேன். கண்டிப்பாவாம்! என் வாயில அந்த வார்த்தை எப்போ வந்து உக்காந்துச்சுன்னே தெரியலை.

தூக்கத்துல பேசறது மெல்ல நின்னுச்சு. அவ பொண்ணு நாலஞ்சு ராத்திரி முழிச்சிருந்து கேட்டுட்டு, "அம்மா மூச்சு மட்டும்தான் விடறாங்க"ன்னு சாட்சி சொல்லுச்சு. அதைக் கேட்ட அன்னைக்கு அக்கா புருஷன் வேலைக்குக் கிளம்பறப்ப வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அவ தலையில கையை வெச்சு எடுத்துட்டுப் போனார். மன்னிப்பு கேக்கற வழி அவருக்கு அது ஒண்ணுதான் தெரியும்.

டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "கரைஞ்சிருக்கு. ஆபரேஷன் வேண்டாம்"னார். "ஆனா ஒரு நாளைக்குக் கொஞ்சமே கொஞ்சம்தான் பேசலாம். கையில இருக்கறது ஒரு பிடிதான்னு வெச்சுக்கோங்க, பார்த்துச் செலவு பண்ணுங்க. பழைய மாதிரி போனீங்கன்னா திரும்ப என்கிட்டதான் வரணும். அப்போ நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வழியெல்லாம் அவ பேசலை. நான்தான் ரேடியோ மாதிரி பேசிட்டு வந்தேன்.

நான் முன்னாடியே போன்ல சொல்லிட்டதால வீட்டுல எல்லாரும் ஹால்ல கூடியிருந்தாங்க. முதல் வார்த்தை தன் பேர்தான்னு பொண்ணு, தன்னைத்தான் கூப்பிடுவான்னு அவ புருஷன், என்னைத் திட்டத்தான் வாயைத் திறப்பான்னு என் புருஷன். மாமா மட்டும் நின்னுட்டு இருந்தார். கையில போன். காதுல வெக்கலை, ஆனா ரிங் போற சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு. எங்களைப் பார்த்ததுமே போட்டிருக்கார்.

"நல்ல வேளை வந்த. பேசலாம்னு சொல்லிட்டாராமே?" போனை நீட்டினார். "எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு. இல்ல, வேண்டாம். உனக்குத்தான் தெரியுமே எப்படிச் சொல்லணும்னு. வழக்கமா சொல்ற மாதிரி சொல்லிடு."

பாவமாத்தான் இருந்துச்சு. இத்தனை வாரமா அந்த மனுஷன் எவ்வளவு தவிச்சிருக்கணும். அக்கா அவரைப் பார்த்தா. பக்கத்துல நின்ன என் கையை எடுத்து அவ தொண்டையில வெச்சிக்கிட்டா. நான் காத்திருந்தேன். மூச்சு கீழே போச்சு, மேல வந்துச்சு. துள்ளலை.

"முடியாது மாமா."

அது எங்க ரேடியோ குரலே இல்லை. தணிஞ்சு, கரடுமுரடா, தேன் துளிகூட இல்லாத ஒரு குரல். "நீங்க சொன்னாத்தான் அவளுக்கு வேணும். நான் சொல்லிச் சொல்லிக் கெடுத்துட்டேன்."

அவ்வளவுதான். அன்னைய கோட்டாவுல பாதி போயிருக்கும். மாமா முகம் செத்துப்போச்சு. போன் இன்னும் அடிச்சிட்டிருக்கு. அவர் அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"சரி விடு. சின்னவளே, நீயாவது பேசு."

என் கை நீண்டுடுச்சு. நான் நீட்டலை, அதுவா நீண்டுச்சு. "சரி மா..."ங்கிற வரைக்கும் வாயில வந்துடுச்சு. அப்போ என் கழுத்துல சில்லுனு ஏதோ பட்டுச்சு. அக்காவோட விரல். அந்த விரலுக்கு அடியில என் தொண்டை படக்குனு துள்ளி மேல ஏறினது எனக்கே தெரிஞ்சுது. கடவுளே, இது எத்தனை நாளா இப்படித் துள்ளுதோ!

அந்தப் பக்கம் போனை எடுத்தாச்சு. "ஹலோ? அண்ணியா? அண்ணி, குரல் வந்துடுச்சா?"

எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. என் புருஷன், "பேசேன், ஏன் மரம் மாதிரி நிக்கற"ன்னார். அக்கா கையை எடுக்கலை.

நான் போனை வாங்கினேன். வாங்கி, மாமா காதுல வெச்சேன்.

"என்னாலயும் முடியாது மாமா"ன்னேன்.

அவர் என்னை எரிச்சிடற மாதிரி பார்த்தார். கையால போனைத் தள்ளினார். அப்புறம் தள்ளின கையாலேயே பிடிச்சுக்கிட்டார். "ஹலோ, யாரு?"ன்னு அந்தப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருந்துச்சு. மனுஷன் எச்சிலை முழுங்கினார். குரல்வளை மேல போய்க் கீழ வந்துச்சு.

"நான்தான்"னார். "அப்பா."

அதுக்கு மேல அவருக்கு வரலை. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. ஆனா யாரும் போனை வைக்கலை. ஹால்ல நாங்க அத்தனை பேரும் அப்படியே நின்னோம். அக்கா என் கழுத்துல இருந்து கையை எடுத்துட்டா. நான் என் கையை அங்கே வெச்சுப் பார்த்தேன். இன்னும் துள்ளிட்டேதான் இருந்துச்சு.